காய்ந்த இலையாகத் தெரிந்த அந்துப்பூச்சி: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தாண்டிக்குடித் தோட்டத்திலிருந்து நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் மரப்பட்டையில் ஒட்டியிருப்பது காய்ந்த இலை அன்று, பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. அதன் முன்னிறகின் பழுப்பு நிறமும், இலையின் நடுநரம்பைப் போலச் சாய்ந்து ஓடும் கோடும் பகலில் பறவைகளின் கண்ணையே ஏய்க்கக்கூடியவை. பூச்சி கலைந்தபோது எடுத்த இரண்டாவது படத்தில்தான் ஆரஞ்சு நிறப் பின்னிறகு தெரிகிறது. அதில் கருமை வட்டப் பொட்டாக இருந்தால் யூடோசிமா மேட்டர்னா என்ற இனம் என்று கருதலாம். உங்கள் படத்தில் அது வளைந்த பட்டையாக இருப்பதால், 1763-இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயசு விவரித்த யூடோசிமா பலோனியா என்றே கொள்கிறேன்.

பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் புழுதான் பயிரைத் தின்னும். இதிலோ வளர்ந்த பூச்சியே இரவில் வந்து, முட்கள் கொண்ட உறுதியான உறிஞ்சுகுழலால் கமலா ஆரஞ்சின் தோலைத் துளைக்கிறது. அந்த ஊசித்துளை வழியே பூஞ்சை புகுந்து பழம் அழுகி உதிர்கிறது. புழு உங்கள் ஆரஞ்சு மரத்தில் வளர்வதே இல்லை. காட்டோரத்துச் சீந்தில் போன்ற கொடிகளில் தாய்ப்பூச்சி முட்டையிட, அவற்றின் இலைகளைத் தின்று புழு வளர்கிறது. அதன் உடலின் இருபுறமும் கண்களைப் போன்ற பொட்டுகள் உண்டு. தொட்டால் தலையை உள்ளே மடக்கிக்கொண்டு அந்தப் பொய்க்கண்களை முன்னே காட்டும் அழகை நீங்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பின்னர் இலைகளைப் பட்டிழையால் இணைத்து, அவற்றுக்குள் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து பூச்சி வரை எல்லாம், வெப்பநிலையைப் பொறுத்து, ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே, மரத்துக்கு மருந்தடிப்பதால் புழுவுக்கு ஒன்றும் நேராது. தோட்டத்தைச் சுற்றியுள்ள சீந்திலை அகற்றச் சொல்வது வழக்கமான பரிந்துரைதான். ஆனால் வேலிக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் கொடிகளைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். அவை மருந்துக்கும் உதவுபவை. மேலும், தொலைவிலிருந்து பறந்து வரக்கூடிய பூச்சியை அந்த வெட்டு தடுக்கவும் போவதில்லை. உதிர்ந்த பழங்களின் வாசனை பூச்சியை ஈர்க்கும் என்பதால் அவற்றை அன்றன்றே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். பழங்களுக்குக் காகித உறையிடுவது கூலி பிடிக்கும் வேலைதான் என்றாலும், வீட்டருகே உள்ள மரங்களுக்காவது, காய் நிறம் மாறத் தொடங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்