தராசைச் சுற்றி நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

குத்துச்சண்டையில், சூப்பர் பேன்டம்வெயிட் எடைப் பிரிவில் என் முதல் பத்து ரவுண்டு போட்டி முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். உதடு வீங்கியிருந்தது. இரண்டு பேரைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். விட்டுப்போனவர்களில் ஒருவர் மறுநாள் போன் செய்து, நான் வாயைத் திறக்கும் முன்பே "பரவாயில்லடா" என்றார். அந்தப் "பரவாயில்ல" தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் கடந்து வந்தது நான்கு எடைப் பிரிவுகள். ஃப்ளைவெயிட் 112 பவுண்டு, சூப்பர் ஃப்ளை 115, பேன்டம் 118, இப்போது சூப்பர் பேன்டம் 122. கிலோவில் சொன்னால் 50.8-இல் தொடங்கி 55.3. ஆறு வருடத்தில் நாலரைக் கிலோ! கல்யாணமான என் நண்பர்கள் இதை ஆறே மாதத்தில் சாதித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் எடையில் ஒரு கிலோ என்பது உடம்பில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு பிரிவு மேலே போனால் எதிரில் நிற்பவனின் தோள் அகலமாகத் தெரியும், நம் குத்து சிறுத்துப்போன மாதிரி இருக்கும்.

வாத்தியாரே, முதலில் உங்களுக்கு. ஃப்ளைவெயிட்டில் நான் ஆடிய கடைசி நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதாரண நாளில் 58 கிலோ இருப்பேன். போட்டிக்கு முந்தைய நாள் தராசில் 50.8 காட்ட வேண்டும். கடைசி வாரம் உப்பு போகும், அப்புறம் தண்ணீர் போகும். கடைசி நாள் நீராவி அறை, பிளாஸ்டிக் சட்டை, பாட்டிலில் எச்சில் துப்புவது. அன்றைக்கு ஒரு பவுண்டு கூடுதலாக நின்றேன். இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக் குதித்தேன், வியர்வையே வரவில்லை. நீங்கள் வந்து கயிற்றைப் பிடுங்கினீர்கள், பிளாஸ்டிக் சட்டையைக் கழற்றினீர்கள், "போதும்" என்றீர்கள். போட்டி ரத்தானது. அமைப்பாளர் எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டினார், அதுவும் என்னால். நான் ஒன்பது நாள் உங்களோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளுக்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரம் என்னை உட்கார வைத்துப் பேசிய டாக்டரம்மாவுக்கும் நன்றி. அறிவுரையாக இல்லாமல் கணக்காகச் சொன்னார். உடம்பிலிருந்து பிழிந்தெடுத்த தண்ணீர் ஒரே நாளில் முழுதாகத் திரும்பாது. காய்ந்த உடம்போடு ரிங்கில் ஏறித் தலையில் அடி வாங்கினால் ஆபத்து கூடும். 1982-இல் லைட்வெயிட் பட்டப் போட்டியில் அடிபட்டு, சில நாட்களில் இறந்துபோன கொரிய வீரர் கிம் டுக்-கூவைப் பற்றியும் சொன்னார். பட்டப் போட்டிகள் பதினைந்து ரவுண்டிலிருந்து பன்னிரண்டாகக் குறைய அந்த மரணமே பெரிய காரணம். எண்ணிக்கை தெரியும், காரணம் எனக்கு அதுவரை தெரியாது.

மூலையில் முடங்கிக் கிடந்த என்னிடம் பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் கதையைச் சொன்ன சீனியர் அண்ணனை எப்படி விட முடியும்? 1998-இல் ஃப்ளைவெயிட் உலகப் பட்டம் வென்றவர், அடுத்த வருடம் எடை நிற்காமல் அதைத் தராசிலேயே இழந்தார். ரிங்கிலும் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார். 2001-இல் இரண்டு வார அவகாசத்தில் மாற்று ஆளாக வந்து 122 பவுண்டில் பட்டம் எடுத்தார். எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் என்ற கதை அப்புறம் வந்தது. "தராசுல தோத்தவன்டா அவனும்" என்றார் அண்ணன். அன்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அதற்காக மேலே போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜப்பானின் இனோவே 2014 ஏப்ரலில் ஃப்ளைவெயிட்டுக்குக் கீழே உள்ள லைட் ஃப்ளை பிரிவில் பட்டம் வென்று, ஃப்ளைவெயிட்டை அப்படியே தாண்டி, அதே டிசம்பரில் சூப்பர் ஃப்ளை பட்டமும் எடுத்தார். எடை ஏற ஏற அவருடைய குத்தும் ஏறியது. எனக்கு அந்த வரம் இல்லை. 118-இல் என் முதல் போட்டியிலேயே பிளவுத் தீர்ப்பில் தோற்றேன்; மூன்று நடுவர்களில் ஒருவர் எனக்கு, இருவர் அவருக்கு. என்னைத் தோற்கடித்தவர் உடை மாற்றும் அறைக்கு வந்தார். "நீ இன்னும் 112-ல ஆடற மாதிரியே ஆடறே. குத்திட்டு ஓடிடறே. ஓடாதே, உள்ளேயே நின்னு என் மேல சாய். என்னைத் தூக்கிச் சுமக்க வை" என்றார். எனக்கு அவ்வளவு சொல்லித்தர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதற்குப் பிறகு ஆடிய எல்லாப் போட்டியிலும் சாய்ந்திருக்கிறேன்.

ஸ்பாரிங்குக்கு, அதாவது பயிற்சிச் சண்டைக்கு, வந்த லைட்வெயிட் தம்பி, ஆறு கிலோ அதிகம் இருந்தும் என்மேல் இரக்கம் காட்டாததற்கு நன்றி. என் விலா எலும்பு மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அக்கா, கடைசி வாரங்களில் உன்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். பசி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், நீ விட்டுக்கொடுத்தாய். போட்டி முடிந்த மறுநாளே எடை மெஷினைப் பரண்மேல் ஏற்றி ஒளித்து வைப்பாயே, அது எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். எடுத்ததில்லை.

இனி அந்தப் "பரவாயில்ல" அண்ணன். எங்கள் கட்மேன், ரவுண்டுகளுக்கு நடுவே காயத்தை அடைத்து ரத்தத்தை நிறுத்துகிறவர். போன போட்டியில் நான்காவது ரவுண்டில் இடது புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணில் இறங்கினால் ரிங் டாக்டர் நிறுத்திவிடுவார். இடைவேளை ஒரு நிமிடம்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழும் நேரம் போக மிஞ்சியது நாற்பது சொச்ச விநாடி. அட்ரினலின் நனைத்த பஞ்சுக் குச்சியைக் காயத்துக்குள் வைத்து அழுத்தினார், மேலே வாஸ்லின் பூசினார், கன்னத்து வீக்கத்தில் குளிர்ந்த இரும்பை வைத்தார். இப்படி ஆறு முறை. ஒரு தடவைகூடக் கை நடுங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது என் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மைக் கைக்கு வந்தபோது நான் மறந்தது அவரைத்தான்.

அண்ணே, பரவாயில்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது.

அடுத்த போட்டிக்குத் தேதி வந்ததும் எல்லோருக்கும் சொல்கிறேன். எடை பார்க்கும் நாளில் வருகிறவர்கள் மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீர் போதும். மூடியைத் திறந்து வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் 122