காப்பின் எடை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதமும் சிறுகதையும் திங்களன்று கிடைத்தன. ஓய்வு பெற்ற பின் எழுதத் தொடங்கியிருக்கிறீர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கு எல்லோரும் சுகம். கண் சத்திர சிகிச்சைக்குப் பின் சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரிவதால், கதையை இரண்டு தடவை வாசித்தேன்.

மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகத் தாய் தன் தங்கக் காப்பை, நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் விற்கும் இடந்தான் கதையின் உயிர். ஆனால் அதற்கு முன் குடும்ப வரலாறு மூன்று பக்கத்துக்கு நீள்கிறது. அவற்றை எடுத்துவிட்டு, கடை வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவதிலிருந்து தொடங்கும். அவர் பட்ட பாட்டை ஒரு பந்தி முழுவதும் விவரித்திருக்கிறீர். அதற்குப் பதிலாகக் காப்பைத் தராசில் வையும். இரண்டு பவுண் என்றால் 16 கிராம் நிற்க வேண்டும். 30 வருடம் அம்மியிலும் கிணற்றுக் கயிற்றிலும் உராய்ந்த காப்பு அதற்குக் குறைவாகவே நிற்கும். கடைக்காரர் அந்தக் குறைவை வாய்விட்டுச் சொல்லட்டும். தாய் ஒன்றும் பேசாமல் வெறுங்கையைத் தடவிக்கொண்டு நிற்கட்டும்.

இடையில் கடைக்காரரின் மனதுக்குள்ளும் புகுந்திருக்கிறீர். தாயின் கண்ணோடு வந்துகொண்டிருந்த வாசகர் அந்த இடத்தில் வழி தவறிவிடுகிறார். இவ்வளவு சிறிய கதைக்கு ஒருவருடைய பார்வை போதும். கடைக்காரரின் இரக்கத்தை, விலையைச் சொல்லுமுன் அவர் தயங்குவதைத் தாய் கவனிப்பதாலேயே காட்டிவிடலாம்.

உரையாடலைப் பற்றித்தான் எனக்கு அதிக கவலை. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையிலிருந்து வந்த தாயும் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த கடைப் பையனும் உமது கதையில் ஒரே புத்தகத் தமிழைப் பேசுகிறார்கள். அவர் "சொல்லுங்கோ" என்பார், அவன் "சொல்லுங்க" என்பான். கடைசி எழுத்து ஒன்றிலேயே இரண்டு ஊர்கள் தெரிகின்றன.

திருத்திய பின் கதையை ஒரு மாதம் மேசை லாச்சியில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துச் சத்தமாக வாசியும். நாக்குத் தடக்கும் வசனங்களுக்குக் கீழே கோடிடும். அடுத்த முறை கொழும்பு வரும்போது அந்தப் பிரதியைக் கொண்டு வாரும். செட்டியார் தெருவுக்கு இருவரும் போய், அங்கே தாய்மார் விலை கேட்கும் விதத்தைச் சிறிது நேரம் நின்று கேட்போம்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்