ஏரிக் கலங்கலுக்குக் கீழே உள்ள மயானப் பாதையை அளந்து, மேடாக்கி, சிறுபாலங்களுடன் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு மற்றும் காலனி மக்கள் சார்பாக,
ஒரு விவசாயக் குடும்பத்தார்,
மணலி மண்டலம், வடசென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை,
சென்னை – 600 001.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கார்த்திகை மாதம் என் பெரியப்பா காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயிர் செய்தவர், எங்கள் ஏரியின் மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியாகவும் இருந்தவர். அவரை நாங்கள் மயானத்துக்குக் கொண்டுபோன விதம் இனி எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடாது. அடுத்த மழைக்குள் அந்தப் பாதையைச் சரிசெய்து தர வேண்டும் என்று கேட்டே இந்த மனுவை எழுதுகிறேன்.

எங்கள் வீடுகள் ஏரிக்கரையை ஒட்டி மேட்டில் இருக்கின்றன. மயானம் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். நடுவில் ஏரியின் உபரி நீர், அது வெளியேறவென்று கட்டிய கலங்கல் வழியாக இறங்கி ஓடும் பள்ளம், அதைக் கடந்துதான் பாதை போகிறது. கோடையில் மாட்டு வண்டியே போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் விழ ஆரம்பித்துவிட்டால் பாதை எது, வாய்க்கால் எது என்றே தெரியாது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீரைத் திறந்துவிட்டால் ஆற்றிலும் வெள்ளம் ஏறிவிடும், பள்ளத்துத் தண்ணீர் வடிய இடமில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். 2021 நவம்பரில் மணலி புதுநகர், சடையன்குப்பம், இடையன்சாவடி பகுதிகளில் வெள்ளம் புகுந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்களுக்கு அது அந்த ஒரு வருடத்துச் செய்தி மட்டும் அல்ல.

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. கூடப் படித்த பலர் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அவர் தாத்தாவோடு ஏர் பிடித்தார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவமும் நெல் பார்த்தவர். தண்ணீர் பற்றாத வருடத்தில் கீரை போடுவார். காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறுவதற்கு முன்னால், விடியுமுன்பே கொத்தவால்சாவடிக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வயலில் இறங்கிவிடுவார்.

ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று முறை வைத்து மதகைத் திறப்பவர்தான் நீர்க்கட்டி. அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அளந்து கொடுக்கும் கொஞ்சம் நெல்தான் கூலி. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரன் வயல் காய்ந்தால், முதலில் தண்ணீர் பெறும் தலைமடைக்காரனிடம் சண்டைக்கு நிற்பார், அது சொந்தத் தம்பியாக, அதாவது என் அப்பாவாக இருந்தாலும் சரி. கலங்கல் பக்கத்தில் நிற்கும் பனைமரத்தில் அரிவாளால் கொத்தி மூன்று அடையாளம் வைத்திருந்தார். நடு அடையாளத்தைத் தண்ணீர் தொட்டால் அன்று ராத்திரிக்குள் மயானப் பாதை மூடிவிடும் என்று கணக்கு. உடனே தெருவுக்கு வந்து, படுத்த படுக்கையாய் யாராவது கிடக்கும் வீட்டில் காதோடு சொல்லி வைப்பார்.

மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறி வந்த கதை அரசுக்குப் புதிதல்ல. எங்கள் கிணறும் உப்புக் கரித்தது. பெரியப்பாவுக்கு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஆனால் மழைக்காலத்தில் தடியை ஊன்றிக்கொண்டு பனைமரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் இறந்த அன்று தண்ணீர் மேல் அடையாளத்தையும் தாண்டியிருந்தது. தெருமுனையிலேயே வெள்ளம், அமரர் ஊர்தி உள்ளே வர வழியில்லை. ஐஸ் பெட்டி வைத்தோம், கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுத்து ஒரு ராத்திரி காத்திருந்தோம். மழை விடவில்லை. மறுநாள் பாடையைத் தோளில் ஏற்றி இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். கையில் கழியோடு இரண்டு பேர் முன்னால் போய்த் தரையைக் குத்திப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பின்னால் நடந்தோம். பாதி தூரத்தில் இடது பக்கம் தூக்கி வந்த பையன் வாய்க்காலில் கால் வைத்துவிட்டான். பாடை சாய்ந்து, பெரியப்பாவின் கால் பக்கம் தண்ணீரில் முங்கியது. மாலையெல்லாம் மிதந்து போனது. கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் அதைப் பார்த்து வாய்விட்டு அழுதான். விறகு நனைந்திருந்ததால் தீ பிடிக்க வெகுநேரமாயிற்று. ஊரே அவர் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டது. அவருக்கு நாங்கள் செய்ய முடிந்தது இவ்வளவுதானா என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

காலனி மக்களின் இடுகாடு இதே பாதையில் இன்னும் தள்ளி, இன்னும் பள்ளத்தில் இருக்கிறது. அவர்கள் புதைப்பவர்கள். குழி தோண்டத் தோண்ட ஊற்று வருகிறது. எங்களைவிட அவர்கள் படும் பாடு அதிகம், அதனால்தான் இந்த மனுவை இரு தரப்பும் சேர்ந்து கொடுக்கிறோம்.

மின்மயானத்துக்குக் கொண்டுபோகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வெள்ளத்தில் ஊர்தியே வராதபோது அது எப்படி முடியும்? புதைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அது வழியும் இல்லை. கண்ணியமான நல்லடக்கம் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்பதைக் கொரோனா காலத்தில், 2020-ல், சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அந்த உரிமையைத்தான் எங்கள் ஊருக்கும் கேட்கிறோம்.

ஊராட்சியாக இருந்தவரை கிராம சபையில் எழுந்து நின்று கேட்க முடிந்தது. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தோம். 2018-ல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறினோம். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு உரியது என்பதால், ஆளைச் சேர்த்து வாய்க்கால் தூர்வாரும் வழியும் போய்விட்டது. பாதை வருவாய்த் துறைக் கணக்கில், மயானம் மாநகராட்சியிடம், ஏரி இன்னொரு துறையிடம். எங்கே போய்க் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். மூன்று துறையையும் ஒரே இடத்தில் நிற்க வைக்கத் தங்களால்தான் முடியும்.

முதலில் நில அளவையரை அனுப்பி, நில அளவைப் புலப்படத்தில் உள்ள வண்டிப்பாதையை அளந்து கல் நட்டுத் தர வேண்டுகிறோம். லாரி நிறுத்தவும் கண்டெய்னர் அடுக்கவும் பக்கத்து நிலங்களில் மண் கொட்டியதில் பாதையின் அகலம் குறைந்துவிட்டது, பள்ளத்துத் தண்ணீரும் முன்னைவிட உயர்ந்து நிற்கிறது. அப்புறம் பாதையை மேடாக்க வேண்டும். ஆனால் வெறும் மண்ணைக் கொட்டி உயர்த்தினால் அது அணைபோல் நின்று மேல்புறத்து வயல்களையும் வீடுகளையும் மூழ்கடிக்கும். பெரியப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கலங்கல் தண்ணீர் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும் இடங்கள் மூன்று. அந்த மூன்றிலும் தண்ணீர் போகத் தாராளமான கண் (திறப்பு) உள்ள சிறுபாலம் வேண்டும். வெள்ளம் எவ்வளவு ஏறும் என்பதற்குப் பனைமரத்து அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன, பொறியாளர் வரும்போது நாங்களே கூட வந்து காட்டுகிறோம். மயானத்தில் விறகு நனையாமல் வைக்க ஒரு கூரையும், இடுகாட்டுப் பக்கம் மண் நிரப்பி உயர்த்துவதும் இதோடு சேர்ந்தே நடந்தால் நல்லது.

பங்குனி முதல் ஆடி வரை பள்ளம் காய்ந்து கிடக்கும். வேலை நடக்கக் கூடிய காலம் அதுதான். புரட்டாசிக்கு மேல் போனால் இன்னொரு வருடம் தள்ளிப்போகும், ஊரில் வயதானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே இடத்தை நேரில் பார்வையிட்டு, வருகிற கோடையிலேயே பணியைத் தொடங்க உத்தரவிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு மற்றும் காலனி மக்கள்

இணைப்பு: ஊர் மக்கள் கையொப்பம், பாதையின் புகைப்படங்கள்