எஞ்சின் கடைந்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரைட் சகோதரர்கள் பறந்த டிசம்பர் 17ஆம் தேதியை ஒட்டி உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். 1903, கிட்டி ஹாக் மணல்வெளி, 12 விநாடி, 120 அடி எல்லாமே சரியாக இருந்தது. ஆனால் சார்லி டெய்லர் என்ற பெயரை ஒரு இடத்தில்கூடக் காணோம். திருமங்கலத்தில் லேத் பட்டறை நடத்துகிறவன் நான், எனக்கு மனசு ஆறவில்லை.

எடை குறைந்த எஞ்சின் வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவரும் மோட்டார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த டெய்லர்தான் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். கையில் இருந்த மெஷின் ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும்தான். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட், அதை அவர் எடுத்த விதத்தைச் சொன்னால் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் எவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். 31 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் ஒரு எஃகுப் பாளம், அதில் உருவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டு, வேண்டாத பகுதியை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுத்து, அப்புறம் லேத்தில் மாட்டிக் கடைந்திருக்கிறார். முடித்தபோது எடை 19 பவுண்டு, அதாவது எட்டரைக் கிலோ சொச்சம். பேலன்ஸ் கச்சிதம். அந்த மனிதர் கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தார், 1956இல் இறந்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அதே மாதிரி விளக்கெண்ணெய்க் கதை. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் ரோட்டரி எஞ்சின்தான். கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல் கலவை, கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் கூடான கிராங்க் கேஸ் வழியாகவே போவதால் சாதாரண ஆயிலைக் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது, அதனால் அதை ஊற்றினார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பாது, புகையோடு சிதறி விமானியின் முகமெல்லாம் அப்பும், வயிற்றுக்குள்ளும் போகும். நம் மானாவாரிக் காட்டு வரப்பில் நிற்கிற ஆமணக்கின் எண்ணெயில்தான் அன்றைக்கு ஆகாயத்தில் சண்டை நடந்தது.

நம் மாநிலத்துக் கதையும் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர், தானே வடிவமைத்த விமானத்தை சிம்சன் கம்பெனியில் செய்யக் கொடுத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். கோச்சு வண்டி கட்டிய கம்பெனி அது. அந்த இறக்கைச் சட்டத்தை இழைத்த ஆசாரி யார், துணி இழுத்துத் தைத்தவர் யார்? நான் படித்த எதிலும் அந்தப் பெயர்கள் இல்லை. இதை விட்டுவிட்டு, வேத காலத்திலேயே விமானம் விட்டோம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற வைமானிக சாஸ்திரம் என்ற நூலில் உள்ளபடி செய்தால் எதுவும் பறக்காது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் 1974இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

மதுரை விமான நிலையமே இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இறங்கிய தளம்தான். செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் அந்தக் காலத்து ஓடுதளங்கள் உண்டு. இவ்வளவு இருக்கிற வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய விமானத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். விமானப்படை ஓய்வு கொடுத்த விமானங்களைக் கல்லூரிகளுக்கும் பொது இடங்களுக்கும் தருவது வழக்கம்தான், மதுரைக்கும் ஒன்று கேட்டு உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். வந்தால் பெயின்ட் அடித்துத் தூணில் ஏற்றிவிடாதீர்கள். தரையில் நிறுத்தி, எஞ்சின் மூடியைக் கழற்றி உள்ளே தெரிகிற மாதிரி வையுங்கள், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஃபிட்டரை உட்கார வையுங்கள். ஐடிஐ பிள்ளைகளை முதலில் கூட்டிப் போங்கள். எங்கள் பட்டறைப் பையன்களை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
திருமங்கலம்.