டோபமினும் ஒரு வரிச் சமன்பாடும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட பாடப்பிரிவே கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி, என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

“செயற்கை நுண்ணறிவு மூளையைப் பார்த்துச் செய்தது என்கிறார்களே, அதில் எவ்வளவு நிஜம்?” என்று கேட்டிருந்தாய். பல ஒப்புமைகள் பெயரளவோடு நின்றுவிடுகின்றன. செயற்கை நரம்பு வலைகளைப் பயிற்றுவிக்க, பிழையைப் பின்னோக்கிப் பரப்பும் முறையையே எடுத்துக்கொள். முன்னே போகும் இணைப்பின் எடை, அதாவது வலிமை, அப்படியே பின்னேயும் தெரிந்திருக்க வேண்டும். நரம்பிணைப்பில் அதற்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் விஷயம் வேறு. அங்கே நரம்பியலும் செயற்கை நுண்ணறிவும் எண்ணுக்கு எண் வைத்துச் சரிபார்த்திருக்கின்றன.

விளக்கு எரிந்ததும் உணவு வரும் என்று பழகிய விலங்குக்கு, விளக்கோடு மணியையும் சேர்த்துக் காட்டி அதே உணவைக் கொடு. பிறகு மணியை மட்டும் அடித்தால் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. உணவு எதிர்பார்த்தபடியே வந்ததால் மணியிலிருந்து கற்க ஒன்றுமில்லை. இதை 1972இல் உளவியலாளர்கள் ரெஸ்கார்லாவும் வாக்னரும் சமன்பாடாக எழுதினார்கள். கணினி ஆய்வாளர்கள் சட்டனும் பார்ட்டோவும் அதில் நேரத்தைச் சேர்த்தார்கள் (மதிப்பு என்பது இனி வருமென்று எதிர்பார்க்கும் வெகுமதி):

பிழை = வந்த வெகுமதி + அடுத்த கணத்தின் மதிப்பு − இந்தக் கணத்தின் மதிப்பு

1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்கில் நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் டோபமின் நியூரான்களை (டோபமினை வெளியிடும் நரம்பணுக்களை) பதிவு செய்துகொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு வந்தால் அவற்றின் மின்துடிப்பு எகிறியது. பழகிய பிறகு சாற்றுக்கு எகிறவில்லை, அதை முன்னறிவிக்கும் சைகைக்கு எகிறியது. சாற்றை நிறுத்தினால், அது வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் துடிப்பு அடங்கியது. இதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று டயான், மாண்டேக் இருவரோடும் சேர்ந்து 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்.

நீயே போட்டுப் பார். பைதானில் முப்பது வரிகூடத் தேவைப்படாது. ஒரு முறைக்கு 20 கணங்கள், 5-இல் மணி, 15-இல் சாறு, வெகுமதி 1, கற்றல் வேகம் (பிழையில் எவ்வளவு பங்கு மதிப்பில் சேரும் என்பது) 0.1, தள்ளுபடி (தாமதமாகும் வெகுமதியைக் குறைத்து மதிப்பது) வேண்டாம். எல்லா மதிப்பும் 0-வில் தொடங்கட்டும். ஒவ்வொரு முறையும் மதிப்பு ஒரு கணம்தான் பின்னால் நகரும். அதனால் முதல் பத்து முறை மணிக்கு எந்தப் பிழையும் வராது, 11-வது முறைதான் மிகச் சிறியதாகத் தலைகாட்டும். 100 முறை ஆனதும் பாதியைத் தாண்டும். 200-இல் ஏறக்குறைய 1. அப்போது சாற்றை நிறுத்து: 15-இல் பிழை −1 என்று விழும்.

இரண்டு இடத்தில் சறுக்கும். மணிக்கு முந்தைய கணங்களையும் கற்க விட்டால், பிழை மணியில் நிற்காமல் ஓட்டத்தின் தொடக்கத்துக்கே போய்விடும். ஆய்வகத்தில் முறைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாறுமாறாக வைப்பதால் மணி எப்போது வரும் என்று விலங்குக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கணங்களை 0-விலேயே பிடித்து வை. இரண்டாவது, எதிர்மறைப் பிழை. டோபமின் நியூரான் சும்மா இருக்கும்போது விநாடிக்குச் சுமார் ஐந்து முறைதான் துடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போக இடமே இல்லை. உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றம் சின்னதாகத் தெரியும். துடிப்பு நின்ற நேரத்தின் நீளத்தையும் அளக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. 2017இல் பெல்மார், டாப்னி, முனோஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் சராசரி வெகுமதியை மட்டும் கற்காமல், வெகுமதிகளின் பரவல் முழுவதையும் கற்கும்படி கணினி நிரலை மாற்றினார்கள். அட்டாரி விளையாட்டுகளில் மதிப்பெண் ஏறியது. அப்படியானால் மூளை? வெகுமதி 1 அல்லது 9, சம வாய்ப்பு என்று வை. ஏறவும் இறங்கவும் ஒரே வேகம் உள்ள கற்பவர் 5-ஐச் சுற்றி நிற்பார். ஏற 0.09, இறங்க 0.01 என்றால் 8.2. எண்களை மாற்றிப் போட்டால் 1.8. நியூரான்களும் இப்படி வேறுபட்டால், ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில்தான் மகிழ்ச்சியிலிருந்து ஏமாற்றத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஹார்வர்டில் நரம்பியலாளர் உச்சிதாவின் ஆய்வகம் எலிகளுக்கு 0.1 முதல் 20 மைக்ரோலிட்டர் வரை ஏழு அளவுகளில் வெகுமதி கொடுத்துப் பதிவு செய்து வைத்திருந்தது. 2020இல் டாப்னி குழு அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. ஒரே அளவு சொட்டுக்கு ஒரு நியூரான் எகிற, இன்னொன்று அடங்கியது. வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய வேறுபாடு அது. எங்கே பார்க்க வேண்டும் என்று நிரல் சொல்லிக்கொடுத்தது.

கேள்வி இன்னும் மூடப்படவில்லை. டோபமின் நியூரான்கள் அசைவுக்கும் புதுமைக்கும்கூடத் துடிக்கின்றன. வெகுமதி கிடைத்த பிறகு அதன் காரணத்தைப் பின்னோக்கித் தேடும் வேறொரு கற்றல் விதியும் 2022இல் முன்வைக்கப்பட்டது. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் இந்த நிரலை ஓட்டி, 1, 50, 100, 200 ஆகிய முறைகளின் வரைபடத்தை அனுப்பு. அந்த விதியையும் உன் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
ரகு