சேர்க்கைக் குழுவினருக்கு, பரிந்துரைக் கடிதம் எழுதும் ஓர் ஆசிரியரின் திறந்த மடல்

பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளில் முதுநிலை, முனைவர் பட்டச் சேர்க்கையை முடிவு செய்யும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு சிறிய கல்லூரியின் வேதியியல் துறையில் பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். என்னிடம் படித்தவர்கள் உங்கள் துறைகளுக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில், அவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது என் பணியின் ஒரு பகுதி. அந்த வேலையில் எனக்குச் சலிப்பு இல்லை. ஒரு மாணவரை ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில், பார்த்ததைச் சொல்ல ஒரு பக்கம் தரப்படுவதை மதிக்கிறேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒன்றை உங்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்: அறிவியல் செய்யத் தெரிந்தவரைவிட, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரைத்தான் உங்கள் சேர்க்கை முறை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. உங்களுக்குள் புழங்கும் எழுதப்படாத விதிகளை அறிந்தவர்கள் அருகில் இருந்தால் மாணவருக்கு வழி தெரிகிறது, இல்லையென்றால் தெரிவதில்லை. அந்த விதிகளை வெளிப்படையாக எழுதி வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எனக்கு நன்கு தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தைப் பதிவேற்றுவதற்கு முன் பரிந்துரையாளருக்கு ஓர் அட்டவணை காட்டப்படுகிறது. அறிவாற்றல், ஆய்வுத் திறன், எழுத்துத் திறன், விடாமுயற்சி என்று இடப்பக்கம் வரிசையாக இருக்கும். எதிரே முதல் 1 விழுக்காடு, முதல் 5 விழுக்காடு, முதல் 10, முதல் 25 என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. என் வகுப்பில் ஆண்டுக்கு ஒன்பது பேர் படிக்கிறார்கள். ஒன்பது பேரில் 5 விழுக்காடு என்பது அரை ஆளுக்கும் குறைவு. பதினைந்து ஆண்டு மாணவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் நூற்று முப்பத்தைந்து பேர்தான். அதில் முதல் 1 விழுக்காட்டுக்குள் ஒரே ஒருவரைத்தான் வைக்க முடியும். அந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பே படித்து முடித்துப் போய்விட்டார். இந்த ஆண்டு என்னிடம் வந்து நிற்கும் மிக நல்ல மாணவிக்கு நான் நேர்மையாக 'முதல் 10 விழுக்காடு' என்று குறித்தால், ஆண்டுக்கு முந்நூறு பேருக்குப் பாடம் நடத்தும் ஒருவர் தாராளமாகக் குறிக்கும் 'முதல் 1 விழுக்காடு' பக்கத்தில் அது எப்படித் தோன்றும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நேர்மைக்கான விலையை நான் கொடுப்பதில்லை, அந்த மாணவி கொடுக்கிறாள்.

இது சிறு குறையன்று. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் உயிர்மருத்துவ ஆய்வு மாணவர்களைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு 2017-ஆம் ஆண்டு புளோஸ் ஒன் இதழில் வெளிவந்தது. மாணவர்கள் பின்னாளில் முதல் எழுத்தாளராக வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை வைத்துப் பார்த்தபோது, தேர்வு மதிப்பெண்ணோ, பட்டப்படிப்பு மதிப்பெண்ணோ, முன் ஆய்வு அனுபவமோ, நேர்காணல் மதிப்பீடோ அதை முன்கூட்டிக் காட்டவில்லை. பரிந்துரையாளர்கள் தந்த மதிப்பீடுதான் ஓரளவு காட்டியது என்பது அதன் முடிவு. ஒரு பல்கலைக்கழகத்து முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் மாணவரை அருகிலிருந்து பார்த்தவரின் சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டென்றால், அந்தச் சொல்லை வாங்கும் பாத்திரம் சரியாக இருக்க வேண்டாமா? அதற்கு முந்தைய ஆண்டில், புவி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த கட்டுரை நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்தது. மிகச் சிறந்த கடிதம் கிடைக்கும் வாய்ப்பு ஆண்களுக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதியே பெண்களுக்கு இருந்தது என்றும், எழுதியவர் ஆணா பெண்ணா என்பதால் இதில் மாற்றமில்லை என்றும் அது காட்டியது. அதைப் படித்த அன்று நான் எழுதிய பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மாணவிகளுக்கு 'கடின உழைப்பாளி' என்றும் மாணவர்களுக்கு 'சுயமாகச் சிந்திப்பவர்' என்றும் நானும் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து அடைமொழிகளைக் குறைத்து, அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் படிவமும் அதைத்தான் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை இதுவரை எத்தனை பேருக்கு நடத்தியிருக்கிறீர்கள், இந்த மாணவர் தானாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், அவர் தவறு செய்தபோது என்ன செய்தார் என்ற மூன்று கேள்விகள் அந்த அட்டவணையைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அடுத்தது நோக்க அறிக்கை, அதாவது தம் பின்னணியையும் ஆய்வு நோக்கத்தையும் பற்றி மாணவர் விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் நோக்க அறிக்கையின் முதல் வரைவை என்னிடம் கொண்டு வந்தாள். சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கி, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் போற்றி முடிந்திருந்தது. அந்த இரண்டு பக்கத்தில் அவளை எங்கும் காணோம். எனக்குத் தெரிந்த அவள் வேறு. கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் எங்கள் ஆய்வகத்தில் பழையது. அதன் விளக்கு தளர்ந்து, காலையில் எடுத்த அளவீடும் மாலையில் எடுத்ததும் ஒத்துப்போகாமல் மூன்று வாரம் போயிற்று. புது விளக்கு வாங்கப் பணம் இல்லை. அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆராயும் பொருள் கலக்காத வெற்றுக் கரைசலை வைத்து அளந்து, அளவு நேரத்தோடு எப்படி நகர்கிறது என்று வரைபடம் போட்டு, அந்த நகர்வை ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் கழித்தாள். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'பிழை மாதிரியில் இல்லை, விளக்கில்' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். இதை ஏன் அறிக்கையில் எழுதவில்லை என்று கேட்டேன். "கருவி சரியில்லை என்று எழுதினால் நம் கல்லூரியைத் தாழ்வாக நினைக்க மாட்டார்களா, சார்?" என்றாள்.

உங்களில் எவரும் அந்த விளக்கின் கதையைத்தான் படிக்க விரும்பியிருப்பீர்கள். அது அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. 'உங்கள் கல்விப் பின்னணியையும் ஆய்வு நோக்கத்தையும் விளக்குக' என்ற ஒற்றை வரிதான் உங்கள் விண்ணப்பப் பக்கத்தில் இருந்தது. பெரிய ஆய்வகத்தில் படித்தவருக்கு அந்த வரியின் உட்பொருளை விளக்க நான்கு ஆய்வு மாணவர்கள் பக்கத்து மேசையிலேயே இருக்கிறார்கள். எம்ஐடியின் மின்பொறியியல், கணினி அறிவியல் துறையில், அங்கே ஆய்வு செய்யும் மாணவர்களே முன்வந்து விண்ணப்பிப்போருக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்று நடக்கிறது. அது நல்ல முயற்சி. ஆனால் கேள்வியையே தெளிவாகக் கேட்டுவிட்டால் விளக்கவுரைக்குத் தேவை குறையும். எதிர்பார்த்தபடி நடக்காத ஒரு சோதனையைச் சொல்லுங்கள், அதன்பின் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அறிக்கையை எந்த அளவுகோல்களால் படிக்கிறீர்கள், ஆய்வு வழிகாட்டிக்கு முன்பே மின்னஞ்சல் எழுத வேண்டுமா, எழுதாவிட்டால் பாதகமா என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று. வெவ்வேறு முறைகளில் வரும் மதிப்பெண்களைத் தங்கள் அளவுக்கு மாற்ற ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பல, பவேரிய வாய்பாட்டைப் பயன்படுத்துகின்றன: பெறக்கூடிய உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவது. அங்கே 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது தேர்ச்சியின் விளிம்பு. நூற்றுக்கு 75 வாங்கிய மாணவரின் கல்லூரியில் தேர்ச்சிக்கு 40 போதுமென்றால் அவருக்கு 2.25 கிடைக்கும், தேர்ச்சிக்கு 50 வேண்டுமென்றால் அதே 75 அவருக்கு 2.5 ஆகிவிடும். வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் 78 தானா 98-ஆ என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இருந்தும் இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். விதி வெளியே தெரிவதால் மாணவர் தாமே கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்க முடிகிறது. எந்த முறையில் மாற்றுகிறோம் என்றே சொல்லாமல், குறைந்தபட்சத் தகுதிக்குக் கீழே இருப்பதாக மட்டும் பதில் அனுப்பும் துறைகளைப் பற்றித்தான் என் கவலை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புச் சேர்க்கைக்குக் கேட்டுவந்த பொதுத் தேர்வான ஜிஆர்இயைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. அமெரிக்க வானியல் கழகம் 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று துறைகளைக் கேட்டுக்கொண்டது. பல துறைகள் பின்னர் கைவிட்டன. அதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கால் எடுக்கப்பட்ட மேசையில் மற்ற கால்கள்மீது பாரம் கூடுவது போல, தேர்வு போன இடத்தின் எடை கடிதத்தின்மீதும் அறிக்கையின்மீதும் ஏறியிருக்கிறது. 'கட்டாயமில்லை, அனுப்பினால் கருத்தில் கொள்வோம்' என்ற வாசகம் மட்டும் வேண்டாம். அனுப்பாதவர் பின்தங்குவாரா என்று ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பக் கட்டண விலக்கும் அப்படித்தான். விலக்கு உண்டென்பது தெரியாமலேயே, விண்ணப்பிக்க நினைத்த துறைகளில் பாதியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் செலுத்தும் பக்கத்திலேயே அதைக் காட்டுங்கள்.

கடைசியாக, பதில். முதுநிலை, முனைவர் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் அமைப்பான, அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் தீர்மானத்தின்படி, உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15 வரை முடிவைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. இடம் கிடைத்தவருக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறது. கிடைக்காதவருக்கு இல்லை. விளக்கின் பிழையைக் கண்டுபிடித்த அந்த மாணவி ஐந்து துறைகளுக்கு விண்ணப்பித்தாள். நான்கு பதில் சொல்லின. ஐந்தாவதின் இணையப் பக்கத்தில், டிசம்பரில் அனுப்பிய விண்ணப்பம் ஆகஸ்ட் மாதத்திலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. வகுப்புகள் தொடங்கும் வாரம்வரை அவள் தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்தாள். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்குத் தனித்தனியே காரணம் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிகிறது. காரணம் வேண்டாம். இன்ன தேதிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்வோம் என அறிவித்து, அந்தத் தேதியில் சொல்லிவிடுங்கள்.

இந்த ஆண்டு ஆறு பேருக்குக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்தின் முதல் பத்தியிலும் என் வகுப்பில் எத்தனை பேர் என்பதை எழுதியிருக்கிறேன். அட்டவணையில் நான் குறித்திருக்கும் கட்டத்தைப் பார்க்கும் முன், தயவுசெய்து அந்தப் பத்தியைப் படியுங்கள்.

நன்றியுடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்