நவம்பரில் என்ன இருக்கிறது என்று கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் படிக்க நார்மனுக்கு வந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. குளிருக்கு என்ன போட்டுக்கொள்கிறாய் என்று அக்கா வாரத்துக்கு இரண்டு முறை என்னைக் கேட்கிறாள். கம்பளிச் சட்டையோடு ஒரு போட்டோ எடுத்து நீயே அவளுக்கு அனுப்பிவிடு. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்காக. "கல்லூரிக் கூடைப்பந்தில் சாம்பியன் யார் என்பது மார்ச், ஏப்ரலில்தானே தெரியப்போகிறது? நவம்பரில் ஆடுவதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது மாமா?" என்றாய். அப்போது அடுப்பில் பால் வைத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. இதே கேள்வியை என்னிடம் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ இருப்பதும் நான் இருப்பதும் கால்பந்து ஊர்கள். கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. பர்மிங்காமில் நவம்பர் மாதம் யாரிடமாவது கூடைப்பந்து பற்றிப் பேச்செடுத்தால், "அதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்பார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். நாள் இல்லை. தெற்கத்திய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த தென்கிழக்குக் கூட்டமைப்பின், அதாவது எஸ்.இ.சி.யின், 16 அணிகளுக்கும் விதைப்புக் காலம் நவம்பரும் டிசம்பரும்தான். ஆடிப் பட்டம் தேடி விதை என்று உன் தாத்தா சொல்லுவாரே, அதேதான்.

கணக்கைப் பார். ஜனவரி முதல் இந்த 16 அணிகளும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. அணிக்கு 18 ஆட்டம், மொத்தம் 144 ஆட்டங்கள். அதில் 144 வெற்றி இருந்தால் 144 தோல்வியும் இருக்கும். ஒருவன் ஜெயித்தது இன்னொருவன் தோற்றது. ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்குக் கைமாற்றுக் கொடுப்பது போலத்தான். வீட்டின் மொத்தப் பணம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வெளியாரிடமிருந்து ஏதாவது சம்பாதிக்க வேண்டும் என்றால் அது முதல் இரண்டு மாதங்களில்தான் முடியும். மார்ச் மாதப் போட்டிக்கு 68 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்க்கிற தரவரிசைக்கு நெட் என்று பெயர். 2018-ல் வந்தது. நீ யாரை வென்றாய், எங்கே வென்றாய் என்பதை அது எடைபோடுகிறது. எதிரணி வலுவானது என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதனிடம் தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. அந்தப் பதிவு பெரும்பாலும் டிசம்பருக்குள் எழுதப்பட்டுவிடுகிறது.

2024-25 பருவத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். டெக்சாஸும் உன் ஓக்லஹோமாவும் சேர்ந்து கூட்டமைப்பு 16 அணிகளாக ஆன முதல் வருடம் அது. வெளி அணிகளுக்கு எதிராக எஸ்.இ.சி. 185 ஆட்டங்களில் வென்று 23-ல் மட்டும் தோற்றது.

இதைக் கேட்டதும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்கத்துக்கு வரவழைத்து, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்து அனுப்புகிற ஆட்டங்களும் இதில் சேர்த்திதானே என்பாய். சேர்த்திதான். அந்த 185-ஐ நானும் அப்படியே நம்பவில்லை. அதனால்தான் டிசம்பர் முதல் வாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 3, 4 ஆகிய இரண்டு இரவுகளில் எஸ்.இ.சி.யின் 16 அணிகளும், டியூக், வட கரோலினா போன்ற பெரிய பெயர்களைக் கொண்ட அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் 16 அணிகளோடு ஒன்றுக்கு ஒன்று மோதின. எஸ்.இ.சி.க்கு 14 வெற்றி, 2 தோல்வி. தோற்றவை எவை என்று பார்: கென்டக்கி 66-70 என்று கிளெம்சனிடம், ஆபர்ன் 78-84 என்று டியூக்கிடம், அதுவும் டியூக்கின் சொந்த அரங்கத்தில். அலபாமா வட கரோலினாவின் ஊருக்கே போய் 94-79 என்று வென்றது. ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம், லூயிவில்லுக்குப் போய் 86-63. இவை காசு கொடுத்து வாங்கிய வெற்றிகள் அல்ல. அந்த இரண்டு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்கு முன்பே அடையாளங்கள் தெரிந்தன. ஹவாயின் மாவி தீவில் நடந்த போட்டியில் ஆபர்ன், பதினெட்டுப் புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு வந்து, ஜானி புரூம் கடைசி இரண்டு நொடிக்குள் பந்தைத் தட்டி வளையத்துக்குள் தள்ள, அயோவா ஸ்டேட்டை 83-81 என்று வென்றது. பிறகு கோப்பையையும் எடுத்தது. அட்லாண்டாவில் கென்டக்கி 77-72 என்று டியூக்கைச் சாய்த்தது. அந்த கென்டக்கி அணி ஏறக்குறைய முழுவதுமே புதியது. பழைய பயிற்சியாளர் காலிபாரி ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். 1996-ல் கென்டக்கி சாம்பியன் ஆனபோது ஆடிய மார்க் போப் பயிற்சியாளராக வந்திருந்தார். வந்த இடத்தில் வீரர்களை ஒவ்வொருவராகத் திரட்டி, பருவத்தின் இரண்டாவது வாரத்திலேயே டியூக்கை வென்றார்கள் என்றால் அது சாதாரணம் இல்லை.

மிசூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. 2023-24-ல் அவர்கள் கூட்டமைப்பு ஆட்டங்களில் 18-க்கு 18 தோற்றவர்கள். ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த பருவம் டிசம்பர் 8-ஆம் தேதி, நாட்டின் முதலிடத்தில் இருந்த கான்சாஸ், பரம்பரைப் பகையாளி, மிசூரியின் ஊரான கொலம்பியாவுக்கு வந்தது. மிசூரி 76-67 என்று வென்றது. மாணவர்கள் அலை அலையாக ஆடுகளத்துக்குள் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வருடம் முழுக்கத் தலை குனிந்து நடந்த பிள்ளைகள் அவர்கள்.

எப்படி ஒரே வருடத்தில் இத்தனை அணிகளும் இவ்வளவு சீக்கிரம் தயாராகின என்பது நியாயமான கேள்வி. முன்பெல்லாம் நவம்பரில் ஆடுகிற பெரிய அணிகளில் பதினெட்டு வயதுப் பையன்கள் அதிகம் இருப்பார்கள். பழகிக்கொள்ளவே பொங்கல் வந்துவிடும். இப்போது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவது எளிதாகிவிட்டது, வீரர்கள் விளம்பரப் பணமும் வாங்கலாம். சின்னக் கல்லூரிகளில் இரண்டு மூன்று வருடம் ஆடித் தேறிய வீரர்கள் தெற்கே வந்து சேர்ந்தார்கள். புளோரிடாவின் மூன்று முக்கிய கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்களை, எடுத்துக்கொள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. ஆபர்னின் புரூம் மோர்ஹெட் ஸ்டேட்டிலிருந்து. இவர்களுக்குப் பழகிக்கொள்ள நாள் வேண்டியதில்லை. வந்த முதல் நாளே வேலை தெரிந்தவர்கள். சின்னக் கல்லூரிகளின் உழைப்பைப் பெரியவர்கள் அறுவடை செய்கிறார்கள் என்கிற குறை எனக்கு உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இனி உன் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். நீ வருவதற்கு முந்தைய பருவம் என்பதால் உனக்குத் தெரிந்திருக்காது.

ஓக்லஹோமா அந்தப் பருவத்தின் முதல் 13 ஆட்டங்களிலும் வென்றது. பஹாமாஸ் தீவில் மூன்றே நாளில் பிராவிடன்ஸ், அரிசோனா, லூயிவில் மூன்றையும் வென்று கோப்பையோடு வந்தது. பிறகு டிசம்பர் 18, சார்லட் நகரில் மிச்சிகன். ஓக்லஹோமா 83-86 என்று பின்தங்கியிருக்கிறது. பன்னிரண்டு நொடிக்கும் குறைவாகவே பாக்கி. ஜெரமையா ஃபியர்ஸ் என்கிற முதலாண்டுப் பையன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறான். எதிராளி அவன்மேல் மோத, நடுவர் ஊதல் ஊதுகிறார். பந்து உள்ளே விழுகிறது. 86-86. ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறிகிற ஒரு வாய்ப்பு, பாக்கி. அரங்கம் முழுக்கக் கத்துகிறது, அவன் பந்தைத் தரையில் தட்டிவிட்டு எறிகிறான். 87-86. அந்த ஒரு புள்ளியை மறந்துவிடாதே, மறுபடி அதற்கு வருவேன்.

2025 ஜனவரி 4, சனிக்கிழமை. கூட்டமைப்பு ஆட்டங்களின் முதல் நாள். ஓக்லஹோமா, அலபாமா அணியின் ஊரான டஸ்கலூசாவுக்கு வந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், போயிருந்தேன். இரு அணிகளுக்கும் முக்கிய நிறம் ஒன்றே, கருஞ்சிவப்பு, அதனால் கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், ஓக்லஹோமாவிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர். ஆட்டம் தொடங்கும் முன் திரும்பி என்னிடம், "தோல்வி எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது" என்றார். அலபாமா 107, ஓக்லஹோமா 79. இரண்டாம் பாதியில் அவர் கழுத்துத் துணியைக் கழற்றி, நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். கடைசி நொடி வரை எழுந்து போகவில்லை.

அதே நாளில், 13 ஆட்டமும் வென்றிருந்த புளோரிடாவும் கென்டக்கியிடம் 100-106 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து அதே புளோரிடா, 14 ஆட்டமும் வென்று நாட்டின் முதலிடத்தில் இருந்த டென்னசியை 73-43 என்று நொறுக்கியது. கூட்டமைப்பில் தோல்வி காணாத மூன்று அணிகளும் நான்கே நாளில் தோற்றுவிட்டன.

ஆகவே ஒரு தனி அணி ஆரம்பத்தில் ஆடுவதை வைத்து அந்த அணியின் முடிவைச் சொல்ல நான் துணிய மாட்டேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கே ஒற்றை அணிக்குச் செல்லாது. எல்.எஸ்.யு., அதாவது லூசியானா ஸ்டேட், வெளியே 11 வென்று 2 தோற்றது. உள்ளே வந்து 3 வென்று 15 தோற்றது. தென் கரோலினா வெளியே 10-3, உள்ளே 2-16. ஆனால் 16 அணிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் முளை பொய் சொல்லவில்லை. நவம்பரில் தெரிந்த பலம் ஏப்ரல் வரை நின்றது. அந்த மார்ச்சில் 68 இடங்களில் 14 எஸ்.இ.சி.க்குப் போயின. அதற்கு முன் எந்தக் கூட்டமைப்பும் 11-ஐத் தாண்டியதில்லை. கடைசிப் பதினாறில் ஏழு அணிகள், கடைசி எட்டில் நான்கு, கடைசி நான்கில் ஆபர்னும் புளோரிடாவும். ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோவில் புளோரிடா 65-63 என்று ஹூஸ்டனை வென்று சாம்பியன் ஆனது. நவம்பர் 9-ஆம் தேதியே ஆபர்ன், ஹூஸ்டனின் ஊருக்குப் போய் அதே ஹூஸ்டனை 74-69 என்று வென்றிருந்தது. நாடு முழுக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அது.

உன் ஓக்லஹோமா என்ன ஆனது என்றுதானே கேட்கிறாய். கூட்டமைப்புக்குள் 6 வென்று 12 தோற்றது. அப்படித் தோற்ற அணியை வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அனுப்பவில்லை. நான்கு பிரிவுகளில் ஒன்றில் ஒன்பதாம் இடம் கொடுத்து மார்ச் போட்டிக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தேர்வுக் குழுவின் முன்னால் அரிசோனாவும் லூயிவில்லும் மிச்சிகனும் இருந்தன. பஹாமாஸ் தீவின் அந்த மூன்று நாள் இருந்தது. சார்லட்டில் ஒரு முதலாண்டுப் பையன் போட்ட அந்த ஒற்றைப் புள்ளியும் இருந்தது. முதல் சுற்றில் கனெக்டிகட்டிடம் 59-67 என்று தோற்றார்கள், உண்மைதான். ஆனாலும் அங்கே நின்று தோற்றார்கள். ஃபியர்ஸை அந்த ஜூனிலேயே, தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.வின் புது வீரர் தேர்வில், நியூ ஆர்லியன்ஸ் அணி ஏழாவது ஆளாக எடுத்துக்கொண்டது. உன் வகுப்பு நண்பர்களைக் கேட்டுப் பார், அந்த டிசம்பர் இரவை இன்னும் சொல்வார்கள்.

இந்த வருடமும் டிசம்பர் முதல் வாரத்தில் அந்த இரண்டு இரவு வருகிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டியதை முன்னாலேயே முடித்துக்கொள். உன் அணியின் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடாதே. ஒரு தாளில் 16 ஆட்டங்களையும் எழுதி, ஒவ்வொன்றாக முடிவு வர வர எதிரே குறித்துக்கொண்டே போ. எந்த ஆட்டம் யார் அரங்கத்தில் என்பதையும் பக்கத்தில் எழுதிவை. நானும் இங்கே எழுதிக்கொண்டிருப்பேன். இரண்டாவது இரவு கடைசி ஆட்டம் முடிந்ததும் கூப்பிடு, எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
மாமா
பர்மிங்காம், அலபாமா